வெளியில் வாங்கிய டயர்கள்

பசறை வீதி பதுளைக்குள் நுழைகிற வளைவில் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு தகரப் பலகை. "வெளியில் வாங்கிய டயர்களுக்குப் பூட்டுக்கூலி இரு மடங்கு." மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். எத்தனையோ வருடங்களாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து பிளேன்டீ குடித்திருக்கிறேன். வாசித்தும் இருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். யாருக்கோ எழுதியது அது. மலிவாகக் கிடைத்ததென்று டிக்கியில் அடைத்துக்கொண்டு வருகிற எவனோ ஒருவனுக்கு. அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்ப்பதுபோல, உள்ளே உலர்ந்த சுகத்தோடு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரன் என்னோடு ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். லயத்தில் பத்துக் காம்பிராக்களும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஒன்பது வீட்டிலும் தும்மல். எங்கள் காம்பிராவுக்கு அடுத்தது அவனுடையது. அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் கொழுந்து பறிக்கப் போனபோது, பிள்ளைக்காம்பிராவில் பக்கத்துப் பக்கத்துச் சேலைத் தொட்டிலில் கிடந்தோம். அந்த இரண்டு தொட்டிலையும் ஒரே நேரத்தில், ஒன்றைக் கையாலும் ஒன்றைக் காலாலும் ஆட்டிவிட்டது என் அக்கா. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து ஆட்டிவிட்டது. அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். என்னைவிடச் சத்தமாகக் கூப்பிடுவான்.

நான் படித்துப் பதுளையில் வாத்தியாரானேன். அவன் படிக்காமல் பதுளையில் முதலாளியானான். அவன் கடை திறந்த நாளிலிருந்து நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஓடுகிற எந்த வண்டியும் வேறு கடை வாசலை மிதித்ததில்லை. நம்ம ஆள் கடை. அதற்கு மேல் பேச்சில்லை. விலை கேட்கமாட்டோம். அவன் எங்களிடம் பூட்டுக்கூலி வாங்கமாட்டான். கழற்றிய பழைய டயர்களை மரக்கறி லொறியில் மலைக்கு ஏற்றிவிடுவான். எங்கள் மேல்கணக்கில், தோட்டத்தின் அந்த உச்சிப் பிரிவில், காற்றுக் காலத்தில் கூரைத் தகரம் பறக்கும். டயரைத் தூக்கி மேலே வைத்தால் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் லயம் முழுக்கக் கறுப்பு வளையம் வளையமாக அவன் கடைதான் கூரையில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி இருந்தது. இப்போது நான் அந்த வளைவை மனதுக்குள்கூட வேகமாகத்தான் கடக்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. "எல்லாருக்கும் காலைல வந்து பத்து மணிக்குப் போயிற பனி, எனக்கு மட்டும் போக மாட்டேங்குது தம்பி" என்பாள். பைப்படிக்குக் காலால் தடவித் தடவிப் போவாள். அடுப்பில் நெருப்பு எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பாள். நெடுநாள் அலைந்து பதுளை ஆஸ்பத்திரியில் வலக்கண்ணுக்குத் திகதி வாங்கினேன். புதன்கிழமை காலையிலேயே வார்டில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் வால்.

மேல்கணக்கிலிருந்து இறங்கும் வழி கல்லும் களிமண்ணும். மழை பிடித்துவிட்டால் முச்சக்கரவண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் தலை வைக்கமாட்டார்கள். என் பழைய கார்தான் இறங்கியாக வேண்டும். அதன் டயர்களோ தேய்ந்து வழவழவென்று இருந்தன. முந்தின வாரம் ஒரு பொலிஸ்காரர் நிறுத்தினார். குனிந்து முன் டயரைத் தடவினார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, ரெண்டும் ஒரே மாதிரி" என்றார். எனக்கும் மொட்டை. சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை வண்டியைப் பொலிஸுக்கு எடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

இதை அக்காவின் மகனிடம் போனில் சொன்னது நான்தான். அவன் கொழும்பில் ஒரு டயர் ஸ்டோரில் நிற்கிறான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில் யாரோ ஒருவருடைய கடையில்தான் நிற்கிறார்கள். உட்கார விடுவதில்லை, அதனால் "நிற்கிறான்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

"மாமா, நீங்க ஒண்ணும் வாங்காதீங்க. முதலாளி வேலை செய்றவங்களுக்குன்னா அடக்க வெலைக்குத் தருவாரு. அம்மா மொட்டை டயர்ல எறங்க வேணாம்."

அம்மாவின் கண்ணுக்குத் தன்னால் முடிந்ததை ஒரு பிள்ளை செய்யப் பார்க்கிறான். வேண்டாம் என்று சொல்ல எந்த வாய்? பூட்டுவதற்குத்தான் நம்ம ஆள் இருக்கிறானே என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சந்தேகம்கூட இல்லை.

அவன் டயர்களை என் பதுளை விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். வீடு என்றால் அவனுக்கு லயம்தான், அங்கேயே அனுப்பிவிட்டான். பசறை வரை பஸ்ஸின் மேல்தட்டு, அங்கிருந்து மரக்கறி லொறி. லயத்து வாசலில் நான்கு புது டயர் இறங்கியது. தோட்டத்துக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் மாரியம்மன் பார்க்க வேண்டும். டிவிப்பெட்டி வந்தாலும் அப்படித்தான், தையல் மெசின் வந்தாலும் அப்படித்தான். அக்கா டயர்களைக் கோயிலுக்கு உருட்டச் சொல்லியிருக்கிறாள். தடவித் தடவி ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கிறாள். பார்த்தவர்களிடமெல்லாம் "எம் மகன் கொழும்புல இருந்து அனுப்பினது" என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஏற்றிக்கொண்டு இறங்குவதற்கு முன்பே அந்தச் செய்தி பசறை பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் காரை நிறுத்தினேன். அவன் வந்து டிக்கியைத் திறந்து பார்த்தான். பின் சீட்டைப் பார்த்தான். மஞ்சளை ஒரு விரலால் தொட்டான்.

"என்னடா, புள்ளைய வேற ஊர்ல பெத்துட்டு, பேர் வைக்க மட்டும் எங்கிட்ட தூக்கிக்கிட்டு வந்திருக்க?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மருமகன் அனுப்பினான்டா."

"தெரியும். சாமி கும்புட்டு ஊருக்கே காட்டியாச்சாமே. நேத்து காலைல பெரட்டுல பேர் கூப்புடுறதுக்கு முன்னாடியே இதானாம் பேச்சு. நம்ம வேன் ஓட்டுற பய இங்க வந்து கேக்குறான், 'அண்ணே, ஒங்க கூட்டாளியே கொழும்புல வாங்குறாரே, ஒங்ககிட்ட வெல கூடவோ'ன்னு. நான் என்னத்த சொல்ல?"

"நாளைக்கு அக்காவுக்குக் கண் ஆபரேசன். இன்னைக்கே பூட்டணும்டா."

அவன் கை நின்றது. "அக்காவுக்கா?"

ஒரு கணம் அந்த முகத்தில் பழைய ஆள் வந்தான். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

"ஆபரேசன் இருக்குன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? சொல்லியிருந்தா நானே நாலு டயரப் போட்டு, நானே மேல வந்து அக்காவ ஏத்திக்கிட்டு வந்திருப்பேன். அப்ப சொல்லல. இப்ப சொல்ற. எதுக்கு? கூலியக் கொறைக்கவா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். கடையில் வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்கு ஆள் பார்க்கும்போது வாய் நிற்காது.

"கூலி எவ்வளவோ சொல்லு, தாறேன். நான் ஒண்ணும் பிச்சைக்கு வரல."

அவன் கையைத் துணியில் துடைத்தான். நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தான்.

"சரிங்க சார். உக்காருங்க. முன்னாடி வந்தவங்க இருக்காங்க. கூலி பலகையில போட்டிருக்கு, பாத்துக்குங்க."

சார்.

நாற்பது வருடத்துக்கு மேலாக "டா"வில் வளர்ந்த ஒரு உறவை இரண்டெழுத்தில் கழற்றிவிட முடியுமென்று எனக்குத் தெரியாது. ஜாக்கி வைக்காமல், நட்டுத் திருகாமல். அவன் என்னை அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். ஒரே சேற்றில் உருண்டவர்கள்தானே. மரியாதைக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. "உக்காருங்க" என்றான். எந்த நாற்காலியில் என்று எனக்கு விளங்கவில்லை. பலகைக்குக் கீழே இருந்தது என் வழக்கமான நாற்காலி.

உட்காரவில்லை. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனேன். பதுளையில் டயர் கடைக்கா பஞ்சம்?

ஊரின் மறுகோடியில் ஒரு கடை. நல்ல மனிதர், வயதானவர். டிக்கியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்த வளைவுக் கடைக்காரர்ட ஆள்தானே?"

"கடை எல்லாருக்கும் பொதுதானே பாய்?"

"கடை பொது தம்பி. வாடிக்கை பொது இல்ல. அவர்ட கூட்டாளிட வண்டியில நான் கை வச்சா, நான் புடுங்கிட்டேன்னு நெனப்பார். ஒரே ரோட்டுல யாவாரம் செய்றம், தெனம் மூஞ்சியப் பார்க்கணும். என்ன கோவமோ, அவர்ட்டயே போய்ப் பேசுங்க."

பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த அன்பு இன்னும் சுட்டது. இன்னொரு கடையில் ஆளே எழுந்து வரவில்லை. உள்ளே இருந்து கையை மட்டும் ஆட்டினான். காரில் உட்கார்ந்து நான்கு டயருக்கு நடுவில் யோசித்தேன். புது ரப்பர் வாசம் மூச்சை அடைத்தது. மலைப் பக்கம் பார்த்தால் நமுனுகுல இல்லை, மேகம்தான் நின்றது. மேலே மழை. மறுநாள் அந்தக் களிமண்ணில் அவள் இறங்க வேண்டும்.

திரும்பிப் போனேன். வளைவில் காரைத் திருப்பும்போது கழுத்தில் ஏதோ கயிறு இழுப்பதுபோல இருந்தது.

அவன் காரை ஓரமாக விடச் சொல்லிக் கையைக் காட்டினான். எனக்குப் பின்னால் வந்த லொறிக்கு வேலை முடிந்தது. வேனுக்கு முடிந்தது. பிறகு அவனுடைய ஆள் என் காருக்கு ஜாக்கியைக் கொண்டுவந்தான். "நீ விடு" என்று அவனே வாங்கிக்கொண்டான்.

அவனே பூட்டினான். மெசினில் வைத்துப் பழசை ரிம்மிலிருந்து பிரித்தான். புதுசின் ஓரத்தில் சவர்க்கார நுரை தடவினான். அக்காவின் மஞ்சள் நுரையோடு கரைந்து, சிமெந்துத் தரையில் ஒரு கோடாக ஓடிச் சாக்கடைக்குப் போனது. அவனும் அதைப் பார்த்தான். காற்றடித்தான், சுற்றவிட்டுப் பார்த்தான், ஈயக்கட்டி ஒட்டிச் சமப்படுத்தினான், மறுபடி சுற்றவிட்டான். வேலையில் ஒரு குறை வைத்திருந்தால் அதைச் சொல்லித் திட்டவாவது செய்திருப்பேன். ஒரு குறையும் வைக்கவில்லை பாவி.

கழற்றிய பழைய டயர் ஒன்றை எனக்கு முன்னால் உருட்டிவிட்டான். அது என் காலில் மோதி நின்றது.

"இது யார்ட டயர்னு ஞாபகம் இருக்கா சார்?"

இருந்தது. அவன் கேட்ட பிறகுதான் இருந்தது. டயர் இறக்குமதி நின்று, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலம். காசை நீட்டினாலும் டயர் இல்லை. அவனுடைய காரும் என்னுடைய காரும் ஒரே சாதி. தன் காரைக் கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, அதன் நான்கு காலையும் கழற்றி எனக்குப் பூட்டினான். "நீ பள்ளிக்கூடம் போகணும்டா. நான் கடையிலதானே கெடக்கேன்" என்றான். கொடுத்த டயரின் மேல் நான் ஓடினேன், ஓடினேன், அது யாருடையது என்பதும் சேர்ந்து தேயும்வரை ஓடினேன்.

இப்போது என்ன சொல்வது? நான் செய்தது தப்பு என்றால் மருமகன் செய்தது தப்பா? அக்கா மஞ்சள் பூசியது தப்பா? அவனுடைய கோபம் நியாயம். எங்கள் தேவையும் நியாயம். இரண்டு நியாயத்தையும் ஒரே ரிம்மில் பூட்டுகிற மெசின் யாரிடமும் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பலகையில் போட்டபடி இரு மடங்கு வாங்கினான், காசை மேசைக்குள் போட்டான். மிச்சத்தைக் கடைசிச் சில்லறைவரை என் கையில் வைத்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் அதுவரை வந்திராத ஒரு பில் புத்தகத்தை எடுத்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

"பேர் என்னன்னு போட?"

என் பெயரைக் கேட்டான். பிள்ளைக்காம்பிராவில் நான் அழுதால் கூடச் சேர்ந்து அழுதவன் கேட்டான். நான் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவன் எழுதினான்.

பிறகு பழைய டயர் நான்கையும் அவனே தூக்கி என் டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்தான். "பழசு இங்க கெடக்க வேணாம்."

அன்று சாயங்காலம் மழையில் மேல்கணக்குக்கு ஏறினேன். டயர்கள் நன்றாகப் பிடித்தன. வழக்கமாகச் சறுக்குகிற பாலத்தடியில்கூட அசையவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குனிந்து முன் டயரைத் தடவினாள்.

"யாரு பூட்டினது?"

"அவன்தான்."

"அப்ப சரி. வேற எவன் பூட்டியிருந்தாலும் நான் ஏற மாட்டேன்." பின் சீட்டில் கையை விட்டுப் பழைய டயர்களைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, கேக்காமலே கூரைக்கும் குடுத்து விட்டிருக்கான். மனுசன்னா அவன். ஒனக்கு இந்தப் புத்தி வருமா?"

"வராதுக்கா" என்றேன்.

விடிய முன்பே அவள் எழுந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் நான்கை எடுத்து, காரைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து ஒவ்வொரு டயருக்குக் கீழேயும் வைத்தாள். நான் செய்கிறேன் என்றதற்கு, "நீ வச்சா உருண்டு ஓடிரும்" என்றாள். பழங்கள் நசுங்கிய வாசத்தோடு வண்டி நகர்ந்தது. அவள் மடியில் ஒரு பார்சல். கோதுமை மா ரொட்டி, இடித்த சம்பல்.

"யாருக்கு இது? ஆஸ்பத்திரியில ஒனக்குச் சாப்பாடு குடுப்பாங்க."

"அவனுக்குடா. டவுனுக்கு எறங்குறப்ப என்னைக்கு அவன் வாசல வெறுங்கையோட தாண்டியிருக்கோம்? சூடா குடுக்கணும். கடைகிட்ட நிறுத்து. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன். கட்டு அவுத்ததும் மொதல்ல அவன் மூஞ்சியத்தான் பாக்கணும். ஒன் மூஞ்சி எங்க ஓடிப்போவுது?"

பசறை தாண்டும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் சின்ன வயதில் எத்தனை ரொட்டி தின்பான் என்று, ஒருநாள் எனக்கு வைத்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டு பழியை என்மேல் போட்டுச் சத்தியம் பண்ணினான் என்று. காருக்குள் சம்பல் வாசம் நிறைந்திருந்தது. நான் வளைவை எண்ணிக்கொண்டு வந்தேன்.

கடை திறந்திருந்தது. அவன் வாசலில் நின்றான். அந்த நேரத்தில் அவன் வெளியே வந்து நிற்கிற ஆள் இல்லை. கழுவிய சட்டை போட்டிருந்தான். என் காரைக் கண்டதும் வீதி ஓரம்வரை இறங்கி வந்தான். கை பாதி உயர்ந்தது. எனக்கா அக்காவுக்கா என்று தெரியவில்லை. அவளுக்காகத்தான் இருக்கும், அவளுக்காகத்தான். என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அமுக்கினால் போதும். அமுக்கினால் அவன் குனிந்து ஜன்னலில் அவளை அக்கா என்று கூப்பிடுவான், நிமிர்ந்து என்னைச் சார் என்று கூப்பிடுவான். அந்த இரண்டையும் அவள் காது ஒரே மூச்சில் கேட்கும்.

கால் மாறி மிதித்தது.

"கடை பூட்டியிருக்குக்கா."

"இந்நேரம் தொறந்திருவானே?"

"பூட்டியிருக்கு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, அந்த வெள்ளைப் பனிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடியில் அவன் கை இறங்குவதை நான் பார்த்தேன்.

"காத்தடிக்கிற மெசின் சத்தம் கேட்டுச்சே" என்றாள்.

நான் கியரை மாற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பார்சலைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனபிறகு, காருக்குள் உட்கார்ந்து அவனுடைய ரொட்டியை நான் தின்றேன். ஆறி வறண்டிருந்தது. ஒன்று விடாமல் தின்றேன்.

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். அக்கா என் தலையைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தாள். "இவ்வளவா கொட்டிப்போச்சு?" என்றாள். காரில் ஏறியபிறகு எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். பஸ், மணிக்கூண்டு, கடைகளின் நிறம், தன் கை நரம்பு. நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் திருப்பினேன். தோட்டங்களுக்குள்ளே சுற்றிப் போகிற கல் வீதி. அந்த வழியில் கடை வராது.

கொஞ்ச தூரம் போனபிறகு அவள் வாசிப்பது நின்றது. வலக்கண்ணைச் சுருக்கி வெளியே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது பசறை வழி இல்லையே தம்பி."

மேடும் பள்ளமுமாக இருந்தது. டயர்கள் நன்றாகப் பிடித்தன.